பத்லிகளுக்குச் சாட்சி சொன்ன விசுவநாதன்

மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்த பழைய கூட்டாளி பால்பாண்டி கையைப் பிடித்து நிறுத்தினான். "வே முத்தையா, சேதி தெரியுமா? நம்ம டைம்கீப்பர் சாமி காலையில போயிட்டாரு" என்றான். நான் முதலில் அவனைத் திட்டினேன். முந்தின வாரம்தான் மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக் கடைக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனுஷன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். போய்த்தான் விட்டார்.

அவரை அறிந்தவர்கள் இதைப் படித்து, "விசுவநாதனா, சரியான முசுடாச்சே" என்பீர்கள். ஆமாம், முசுடுதான். செம்பூர்ப் பக்கம், பஞ்சாலைகளுக்கு நூல் சுற்றும் பாபின் செய்த எங்கள் தொழிற்சாலையின் கேட்டில் ஆஜர் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிஷம் பிந்தினால், "ஓய், மாமியார் வீட்டுக்கா வரீர்?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போவோம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரில் கோயில் கொடை, கல்யாணம், அறுப்பு என்று வந்தால், வேலை கைவிட்டுப் போகாமலிருக்க, ஆள் நம்பர் பொறித்த பித்தளைப் பில்லையைத் தம்பியிடமோ மச்சானிடமோ கொடுத்துவிட்டு ரயிலேறுவோம். அவன் பத்லியாக நம் பெயரிலேயே வேலை பார்ப்பான். போனவர்களில் பலர் திரும்புவதில்லை. என் பெரியப்பா மகன் சுடலைமுத்து அப்படி ஊரோடு இருந்துவிட்டவன். ஆறு வருஷம் நான் கேட்டுக்குள் சுடலைமுத்து, வெளியே முத்தையா. முதலாளிக்கும் இது தெரியும். பத்லி உரிமை கேட்க முடியாது என்பதால் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது.

ரூபாயின் மதிப்பைக் குறைத்த கையோடு சர்க்கார் இறக்குமதிக் கதவையும் கொஞ்சம் திறந்தது. வெளிநாட்டு பாபின் வந்து இறங்கியது. நல்ல சரக்கு, பொய் சொல்ல மாட்டேன். மில்காரர்கள் அதற்குத் தாவினார்கள். எங்கள் கேட்டில் பூட்டு விழுந்தது. இப்படி வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகையும், வேறு தொழில் பழகப் பயிற்சியும் உண்டு என்று பிறகு அறிவிப்பு வந்தது. ஆஜர் புத்தகத்தில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும்.

தாராவியில் பத்லிகள் பதினொரு பேரும் கூடிப் பேசினோம். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பழைய பெயரிலேயே போய் வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. சுடலைமுத்து நான்தான் என்று சொல்வது எனக்கென்ன புதுசா? அத்தாட்சிக் கையெழுத்துக்காக விசுவநாதன் வீட்டுக்குப் போனோம். முடியாது என்றுவிட்டார்.

"பொய்ப் பேர்ல உழைச்சது போறாதா ஓய்? நாளைக்குப் பயிற்சி முடிச்சா சர்டிபிகேட் யார் பேர்ல வரும்? ஆயுசு பூரா சுடலைமுத்தாவே இருக்கப் போறீரா?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களுக்கென்ன சாமி, கோட்டை ஹெட் ஆபீஸ்ல முதலாளி உங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருக்காரு. ஞாயம் பேசுவீய. எங்க வயித்துல அடிக்காதீய!" என்று கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "நடங்கோ, தொழிலாளர் ஆபீஸுக்கு" என்றார்.

அங்கே அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம், "தும்ஹாரா நாம் கிதர் ஹை?" என்றார். பட்டியலில் என் பெயர் எங்கே என்கிறார். விசுவநாதன் முன்னால் வந்து, கம்பெனி ஒப்படைத்திருந்த ஆஜர் புத்தகங்களை எடுத்துவரச் சொன்னார். சுடலைமுத்து என்ற பெயருக்குப் பக்கத்தில், பென்சிலில், பொடி இங்கிலீஷ் எழுத்தில் 'முத்தையா'. மாதாமாதம், ஆறு வருஷமும். பதினொரு பேருக்கும் அப்படியே. நிஜமாக உழைத்தது யார் என்று அந்த முசுடு குறித்து வைத்திருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது!

அதிகாரி நல்லவர். "இதை எழுதிக் கொடுத்தால், பொய் ஆஜர் போட்டதை நீங்களே ஒப்புக்கொண்டதாகும். முதலாளி உங்களைச் சும்மா விடமாட்டார்" என்று எச்சரித்தார். எழுதுவதுதான் என் தொழில், காகிதம் கொடுங்கள் என்றார் இவர், தம்முடைய பாலக்காட்டு ஹிந்தியில்.

மாதக்கணக்காக இழுத்தடித்துக் கடைசியில் எங்களுக்குச் சொந்தப் பெயரில் உதவி கிடைத்தது. நான் கடைசல் வேலை பழகினேன். அவருக்கு ஹெட் ஆபீஸ் வேலை போயிற்று. நடத்தைச் சான்றுகூடத் தரவில்லை. தினமும் முலுண்ட் வரை போய் ஒரு மரக்கடையில் குமாஸ்தாவாக இருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "அசடு மாதிரி நிக்காதேயும், எனக்கு வேலை கிடக்கு" என்று விரட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் நின்றபடியே அழுதேன்.

இப்போது குர்லாப் பட்டறை ஒன்றில் நான் மேஸ்திரி. நாங்கள் கடையும் உதிரி பாகமும் இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறது. இந்த மாதக் கடைசியோடு பட்டறையைப் பூட்டுகிறார்கள். அங்கேயும் ஐந்து பத்லிகள். தெரிந்தே அவர்களை உள்ளே விட்டவன் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு மட்டும் தானாவிலுள்ள தம் இன்னொரு பட்டறையில் வேலை என்று முதலாளி சொல்லியிருக்கிறார். எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள். பயமாகத்தான் இருக்கிறது.

சயான் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வாக்குமூலத்தை எழுதும்போது விசுவநாதனின் கை வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். நடுங்க நடுங்க எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

ஐந்து பேரின் சொந்தப் பெயரும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை தொழிலாளர் ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நிற்பேன்.