சாதுப் புழுக்கள்

நான் வேலை பார்த்த அறைக்கு அடுத்தடுத்து இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்துப்பூச்சிகள் வெளியே போய்விடும். ஜன்னல் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. தாம்பரத்துக்கு மேற்கே இருந்த பூச்சிமருந்து கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவு அது. எண்பதுகளின் கடைசியில் விலங்கியல் பட்டத்தோடு அங்கே சேர்ந்தேன். புழு வளர்ப்பதுதான் வேலை.

வெட்டுப்புழுக்களில் இரண்டு கூட்டம் வைத்திருந்தோம். பருத்தி வயல்களிலிருந்து பிடித்து வந்தவை எந்த மருந்துக்கும் லேசில் சாகாது. அவற்றை முரடுகள் என்போம். இன்னொரு கூட்டம் பல தலைமுறையாக மருந்து வாடையே படாமல் அறைக்குள் வளர்ந்தது. அவை சாதுக்கள். சாதுவைக் கொல்லும் அளவைப்போல முரட்டுக்கு எத்தனை மடங்கு மருந்து வேண்டும் என்று பார்ப்போம். மடங்கு இறங்கினால் புது மருந்து ஜெயித்தது என்று அர்த்தம்.

என் உடம்பிலோ துணியிலோ மருந்து ஒட்டிவரக் கூடாது என்பதால் வீட்டிலும் எதுவும் அடிக்க முடியாது. அஸ்தினாபுரத்துக் கொசுக்கடியில் கொசுவர்த்தி இல்லாமல்தான் என் கணவரும் மகளும் தூங்கினார்கள். பூச்சிகளின் செதில் மூக்கில் ஏறி ஏறி இரண்டாம் வருஷமே எனக்கு வீசிங் வந்தது. வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் மனு போட்டேன்.

புழுக்களுக்குத் தீனி ஆமணக்கு இலை. பக்கத்து ஊர் அக்கா ஒருவர் கொண்டுவந்து போடுவார். அவர்கள் குடும்பத்து நிலம் மனை மனையாகப் போயிருந்தது. வீடு எழும்பாத மனைகளில் ஆமணக்கு தானாக வளர்ந்து கிடந்தது. வரும் இலையை முதலில் நாலைந்து புழுக்களுக்கு மட்டும் கொடுத்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடத்து இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நான் காத்திருக்கவில்லை. சாதுக்கள் எல்லாவற்றுக்கும் இலையைப் போட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. மதியம் அறைக்குள் போனால் தட்டுத் தட்டாகப் புழுக்கள் கறுத்துச் சுருண்டு கிடந்தன. முரடுகளுக்கும் அதே இலையைத்தான் போட்டிருந்தேன். அவை நரம்பை மட்டும் மிச்சம் வைத்துத் தின்று தீர்த்திருந்தன.

அக்காவிடம் போய் விசாரித்தேன்.

"கொசு மருந்து அட்சிக்கினு போனாங்கம்மா, முந்தாநேத்து. இலை மேல பட்டுக்கீதோ இன்னாவோ. நீ எப்பவும் பாத்துட்டுத்தானே போடுவே?" என்றார்.

சாதுக்களில் முப்பது நாற்பதுதான் மிஞ்சின. யாரிடமும் சொல்லாமல் அவற்றைத் தனியாக எடுத்து வளர்த்தேன். அந்துப்பூச்சியாகி முட்டையிட்டன, இரண்டு மாதத்தில் தட்டுகள் நிரம்பிவிட்டன. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் மருந்தைத் தின்று பிழைத்தவற்றின் பிள்ளைகள் அவை. இனி அவை சாதுக்கள் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதுக் கலவை பரிசோதனைக்கு வந்தது. புதுசு என்பதால் ஒத்துப்பார்க்கப் பழைய கணக்கு இல்லை. சாதுக்களே தாக்குப்பிடித்து, அவற்றைக் கொல்லவே நிறைய மருந்து தேவைப்பட்டதால் முரட்டுக்கான மடங்கு மளமளவென்று இறங்கியது. பத்து வருஷமாக இதற்கே உழைத்துக்கொண்டிருந்த சார், என் மேலதிகாரி, அன்று எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கதவுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடத்தில் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. வீசிங் இல்லை, பயம்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. போயிருந்தால் எனக்குப் பின்னால் வருகிறவர் அந்தப் பொய்யையே வளர்த்திருப்பார். சொல்லிவிட்டுப் போகத் தைரியமில்லை. சொல்லாமல் போக மனசில்லை. கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்தேன். சேர வேண்டிய தேதி கடந்துபோயிற்று. ஏன் போகவில்லை என்று கணவர் கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரிப்போர்ட் ஹெட் ஆபீஸ் போயாச்சும்மா," என்றார்.

வெளி மாநிலத்து லேப் ஒன்றிலிருந்து சாதுக்களின் புது முட்டைகள் வரவழைத்தார். மறுபடி முதலிலிருந்து வளர்த்துக் கொடுத்தேன். இந்தத் தடவை அவரே தன் கையால் மருந்து வைத்தார். மடங்கு பழைய மருந்துகளுக்கு இருந்த உயரத்திலேயே போய் நின்றது. ஹெட் ஆபீஸுக்கு எழுதினார். லேபிள் அச்சாகிவிட்டது, சீசன் வருகிறது என்று பதில் வந்தது. மருந்து கடைக்குப் போனது. முதல் வருஷம் நன்றாக விற்றது. இரண்டாம் வருஷம் புழு சாகவில்லை என்று விவசாயிகளின் கடிதங்கள் வர ஆரம்பித்தன. சார் அவற்றைப் படித்துவிட்டு என் மேஜையில் வைப்பார்.

நான் வேலையை விட விரும்புவதாக ஒரு நாள் அவரிடம் சொன்னேன்.

"நீங்க போயிட்டா, நடந்தது தெரிஞ்சவன் இங்க நான் ஒருத்தன்தாம்மா மிஞ்சுவேன்," என்றார்.

அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். அதனால்தான் என்னால் நகர முடியவில்லை. அடுத்த கலவைக்கான வேலை அந்த வாரமே தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பிரிவை மூடும்வரை அங்கேயே இருந்தேன்.