காட்டாத கறுப்புக் கட்டம்

நான் ஓட்டமாவடியில் பெண்களுக்குத் தையல் பழக்குகிறேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மாரியில் வெள்ளம் ஏறி ரோடு அடைபட்டபோது வகுப்பும் நின்றது. மதினி தன் பழைய லெப்டொப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதுல பழக்குங்க."

"எனக்கு இதெல்லாம் ஏறாது கா."

"மோட்டர் மெசின் வந்த நேரமும் இதத்தான் சொன்னீங்க."

பழகினேன். எதை அமர்த்தினால் குரல் போகும், எதை அமர்த்தினால் முகம் போகும் என்று மதினி காட்டித் தந்தாள். வெள்ளம் வடிந்த பிறகும் தூரத்துப் பெண்களுக்காக அதிலேயே நடத்தினேன். யாராவது வந்தால் பெயர் திரையில் விழும். உள்ளே எடுக்கவா என்று கேட்கும். எல்லாரையும் எடுத்தேன். லிங்கை குரூப்பில் போட்டு, தேவையான ஆட்களுக்கும் அனுப்பச் சொல்லியிருந்தேன்.

திரை முழுக்க ஆம்பிளைப் பெயர்கள். இங்கே போன் வீட்டு ஆம்பிளையுடையது. மாப்பிள்ளை, தம்பி, மகன், யாருடைய போனிலாவதுதான் பெண்கள் வருவார்கள். பலர் முகம் காட்டமாட்டார்கள். கறுப்புக் கட்டம்தான். நான் பெயரை வாசிப்பதில்லை. குரலில்தான் ஆளை அறிவேன்.

அதில் ஒரு பிள்ளை களுவாஞ்சிக்குடிப் பக்கம். புருசனின் அடி தாங்காமல் ஓடிவந்து, பனிச்சங்கேணியில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். சின்னம்மா மகனுடைய போனில் வருவாள். இருக்கிற இடத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டாள். நான் சொல்லவில்லை. தையல் பழகித் தூரத்தில் ஒரு வேலைக்குப் போய்விடுவது அவள் எண்ணம்.

அன்றைக்குக் கொலர் வைக்கும் பாடம். தைத்ததைக் காட்டச் சொன்னேன். அவளுக்கு வெளிச்சம் போதவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனாள். கொலர் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் வாவியும் பாலமும் தெரிந்தன. அந்த ரோட்டால் ஒருதரம் போன ஆளுக்கும் அந்தப் பாலம் தெரியும்.

ஒரு கட்டம் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. முந்தியும் காட்டியதாக நினைவில்லை.

"இது ஆர்ர போன் கா? தெச்சதக் காட்டு."

கட்டம் கறுப்பாகவே கிடந்தது.

"தெச்சிக் கிழிச்சிட்டா போல ராத்தா. வெக்கத்துல இரிக்கா" என்றாள் ஏறாவூர்ப் பெண் ஒருத்தி.

"ஊசிய முழுங்கிட்டாவோ தெரியா" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். நான் அந்தப் பெயரை இங்கிலீசு எழுத்தில் கூட்டிக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன்.

பனிச்சங்கேணிப் பிள்ளையின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அவள் படம் மறைந்தது. கொஞ்சத்தில் அந்தக் கறுப்புக் கட்டமும் போனது. மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் போன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, அது அவர்ர பேர். எத்தின நாளா வாறார்?"

"தெரியா மகள்."

"பாலம் தெரிஞ்சதா?"

"தெரிஞ்சது. வெளிக்கிடு."

"எங்க போற அக்கா?"

"எனக்குச் சொல்லாத."

வகுப்பை நான் மூடவில்லை. அந்தப் பெயர் திரும்ப வந்து நின்றது. உள்ளே எடுக்கவா என்று கேட்டது. மதினி வேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். எடுத்தேன். எங்கே நிற்கிறான் என்றாவது அறியலாம்.

இந்தமுறை அவன் தன் பக்கத்துச் சத்தத்தை மூட மறந்திருந்தான். பஸ் இரைந்தது. "வாகரை, கதிரவெளி, ஏறுங்க ஏறுங்க" என்று கொண்டக்டர் கத்தினான். பனிச்சங்கேணிப் பாலத்தால் போகிற பஸ். அந்நேரம் எங்கள் பள்ளிவாசலில் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஜன்னலால் கேட்ட பாங்கு, சற்றுப் பிந்தி லெப்டொப்புக்குள்ளாலும் கேட்டது.

எங்கள் சந்தியில் நின்றான். பாலத்தைக் கண்ட பிறகு களுவாஞ்சிக்குடியில் இருந்து வெளிக்கிட்டவன் இல்லை. முன்னமே இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். மதினி எழுந்து கதவைப் பூட்டினாள்.

நான் என் குரலை அமர்த்திவிட்டுச் சின்னம்மா வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"அவ போயிற்றா. தோணியில அக்கரைக்கு விட்டாச்சு" என்றாள் சின்னம்மா.

"அவன் பஸ் ஏறிற்றான்."

"வரட்டும். நான் இரிக்கன்."

வந்தானாம். பொழுது படுமட்டும் முற்றத்தில் இருந்தானாம். அவள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கொடுத்த தண்ணீரைக் குடித்தானாம். போகும்போது ஜன்னலடியில் கிடந்த கொலரை எடுத்துத் தட்டி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனானாம்.

இப்போது போனில் குரலைக் கேட்ட பிறகுதான் ஒவ்வொருவராக உள்ளே எடுக்கிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒருவரும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயர் இடைக்கிடை வந்து நிற்கும். பிறகு போகும்.

போன மாதம் தெரியாத நம்பரில் இருந்து ஒரு படம் வந்தது. தைத்து முடித்த சின்னப்பிள்ளைச் சட்டை. எழுத்து ஒன்றும் இல்லை. பின்னால் என்ன தெரிகிறது என்றுதான் முதலில் பார்த்தேன். வெறும் சுவர்.

"அவவாத்தான் இரிக்கும். நல்லா இரிக்கன் எண்டு சொல்றா. ஒரு பதில் போடுங்களன்" என்றாள் மதினி.

அவளாகவும் இருக்கலாம். நான் என்ன பதில் போடுகிறேன் என்று பார்க்க அவன் அனுப்பியதாகவும் இருக்கலாம்.

பதில் போடவில்லை. அழித்துவிட்டேன்.