அச்சிட்ட விலைக்கு மேல்

எழுபதுகளின் நடுவில், ஒரு கோடையில், எங்கள் பக்கம் காலரா பரவியது. மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டு, மேலூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் நான் மருந்துக்கடை வைத்திருந்த காலம் அது. லைசென்ஸ் என் பெயரில் இருந்தது. முதல் போட்டதும் சரக்கு எடுப்பதும் என் அண்ணன். அதற்கு முன் நெல் வியாபாரம் செய்தவர். எதையும் விலையை வைத்தே யோசிப்பார்.

எல்லா ஊருணிகளும் வற்றி, மிச்சமிருந்த ஒன்றில் ஊரே தண்ணீர் மொண்டது. ஒரே வாரத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியின் வராந்தா நிறைந்துவிட்டது. காலரா உடம்பிலுள்ள நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். சலைன் ஏற்றினால் ஆள் பிழைப்பான், இல்லையென்றால் இல்லை. ஆஸ்பத்திரி இருப்பு சீக்கிரமே தீர்ந்தது. வெளியே வாங்கி வரச் சொல்லி டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தார். ஊரில் இருந்ததோ எங்கள் கடை ஒன்றுதான்.

அப்போதுதான் கலெக்டரின் உத்தரவு வந்தது. சலைன் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் கடைக்குச் சீல், விற்றவருக்கு ஜெயில். ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சாகக் கிடப்பவனிடம் கொள்ளையடிக்கக் கூடாது என்பதில் என்ன தவறு?

அண்ணன் மட்டும் தலையை ஆட்டினார். "இனி ஒரு பாட்டில் இந்தப் பக்கம் வராது, பாரு தங்கச்சி. கூட விலை குடுக்குற ஊருக்குத்தான் சரக்கு போகும்."

அப்படியேதான் நடந்தது. மதுரையில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மொத்த வியாபாரி கையை விரித்துவிட்டார். சீட்டோடு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதே என் வேலையாகிப் போனது. சிலர் கும்பிட்டார்கள். ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் கோயம்புத்தூர் போனார். இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒரு வாழைக்காய் லாரி கடை வாசலில் நின்றது. வைக்கோல் திணித்த பெட்டிகளில் சலைன் பாட்டில்கள். அச்சிட்ட விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியிருந்தார். அதற்குமேல் லாரிக்கூலியும் சேர்த்து, வாசலில் கரும்பலகை வைத்து விலையை எழுதினார்.

"அண்ணே, ஜெயிலு!" என்றேன்.

"ஒளிச்சு வச்சா வித்தேன்? வீதியில எழுதி வச்சுத்தான் விக்கிறேன். நாளைக்கு மறுபடி லாரி போகணும்ல?"

சீட்டோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி ஒருவர், வீட்டில் யாருக்கும் நோயில்லை, முன்கூட்டியே வாங்கி வைக்க வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பினார். அண்ணன் என்னைப் பார்த்தார். விலை செய்கிற வேலையைப் பார்த்தாயா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அடுத்து நின்றவர் குவாரியில் கல் உடைக்கிறவர். மனைவியைக் கட்டிலோடு தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார். சீட்டில் நாலு பாட்டில் எழுதியிருந்தது. அவரிடம் இருந்தது ஒரு பாட்டிலுக்கே பத்தவில்லை.

"அண்ணே, குவாரி முதலாளிட்ட வாங்கியாரேன். இப்பக் குடுங்கண்ணே."

"உனக்குக் குடுத்தா பின்னாடி நிக்கிறவுகளுக்கு என்ன சொல்ல? நாளைக்கு எதை வச்சு வாங்க?" அண்ணனின் குரல் உடைந்திருந்தது. ஆனால் கை நீளவில்லை.

நான் ஒரு பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "லைசென்ஸ் என் பேர்லதாண்ணே இருக்கு" என்றேன். அண்ணன் அடுத்தவரின் சீட்டை வாங்கினார். அந்த மனிதர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். அந்த நோய்க்கு ஒரு பாட்டில் எந்த மூலைக்கு என்பது எனக்குத் தெரியும். ஓடுகிறவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி கெட்டவர் அல்ல. அவர் முகத்திலும் பல நாள் தூக்கமில்லை. பலகையைக் காட்டி, "இது நீங்க எழுதுனதுதானே?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் ஆமாம் என்றார். கடையை எங்கள் பூட்டாலேயே பூட்டி, பூட்டில் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். மிச்சப் பாட்டில்கள் எல்லாம் உள்ளே.

"சார், பாட்டிலையாவது ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"அது கேஸ் சொத்தும்மா. கோர்ட்டு சொல்லாமத் தொடக் கூடாது."

அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு போலீஸ்காரர் மட்டும் காவலுக்கு நின்றார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கூப்பிடு தூரம்தான். வராந்தாவில் அந்தக் குவாரிக்காரரின் மனைவிக்குப் பாட்டில் காலியாகியிருந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. நான் சொன்னதைக் கேட்ட டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னோடு கிளம்பினார்.

எங்களைப் பார்த்ததும் போலீஸ்காரர் குறுக்கே வந்தார். "அய்யா, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"அங்க கெடக்குறதுலயும் பிள்ளைங்கதான்யா இருக்கு. யாரு உடைச்சதுன்னு கேட்டா டாக்டருன்னு சொல்லுய்யா" என்றார் டாக்டர்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்து நடந்தார். மாற்றுச்சாவி என் இடுப்பில் இருந்தது. அரக்கு விண்டு விழுந்ததும் பூட்டைத் திறந்தேன். வரிசையில் நின்றவர்களே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விலையை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் வராந்தாவில் பலர் கண் திறந்தார்கள். குவாரிக்காரரின் மனைவிக்கு மட்டும் உடம்பு வற்றி, ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை. டாக்டர் கையில் தேடினார், காலில் தேடினார். பாட்டில் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் போய்விட்டாள். கடன் வாங்கி வந்த பணம் அவள் கணவர் கையில் கசங்கி இருந்தது.

சில நாளில் அண்ணன் ஜாமீனில் வந்தார். நாங்கள் இருவரும் அவளைப் பற்றித்தான் சண்டை போட்டோம். சீல் வைக்காதிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் அவர். காலையிலேயே கேட்டதைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றேன் நான். "நான் போகலேன்னா அந்த ஒரு பாட்டிலும் கெடையாது, அதையும் சொல்லு" என்று கத்தினார்.  

கோர்ட்டில் குவாரிக்காரரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள்.

"அச்சிட்ட விலைக்கு மேல கேட்டாரா?"

"கேட்டாருங்கய்யா."

அரசாங்க வக்கீல் உட்காரப் போனார். அதற்குள் குவாரிக்காரரே தொடர்ந்தார். "ஆனா அவருகிட்டதான்யா இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல."

அதைக் கோர்ட்டில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு அபராதம் போட்டார்கள். என் லைசென்ஸைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். சீல் உடைத்ததற்கு டாக்டரைப் பேரையூர் பக்கம் மாற்றினார்கள். வெளியே வந்ததும் அண்ணன் வேகமாகப் போய் குவாரிக்காரரின் கையைப் பிடித்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். குவாரிக்காரர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.