அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்

எண்பதுகளின் கடைசியில், பம்மலில் தோல் ஷெட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், என் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். மகளுக்கு ஆறு வயது. உடல் வீட்டுக்கு வருவதற்குள் என் அக்கா குழந்தையைப் பின்வீட்டுக்குத் தூக்கிப்போய், எடுக்கும்வரை அங்கேயே காவல் இருந்தாள்.

"அம்மா ஊருக்குப் போயிருக்குதுன்னு சொல்லிக்கீறேன். நீ எதையாவது உளறி வைக்காத" என்றாள் என்னிடம்.

எனக்குப் பேசவே வராது, எங்கே உளறுவது? ஆனால் அதற்குப்பின் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே எனக்கு வேலையாகிவிட்டது. மாலை போட்ட படம் பீரோவுக்குள் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே மடக்கி டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எந்த ஊர் என்று மகள் கேட்டதற்கு அக்கா மதுராந்தகம் என்றாள். பக்கத்து வீட்டம்மா வேலூர் என்று சொல்லித் தொலைத்தாள். "மீசை எங்கப்பா?" என்றபோது பிளேடு தவறிவிட்டது என்றேன். மொட்டைத் தலைக்கும் பிளேடுதான் தவறியது போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் டால்டா டப்பா சத்தம். பிள்ளைகள் சாவு விளையாட்டு விளையாடினார்கள். கோணிமேல் ஒரு பையன் படுத்திருந்தான். காகிதத்தைக் கிழித்துப் பூவாக இறைத்தார்கள். எல்லாவற்றுக்கும் தலைவி என் மகள்.

"சிரிக்காதடா! செத்தவங்க சிரிப்பாங்களா? கால் கட்டைவிரல சேத்துக் கட்டணும், இரு." தலை ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள். "எங்கம்மாக்கு இப்டித்தான் கட்னாங்க."

எதிர்வீட்டம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல சாவு வெளையாட்டா, சனியனுங்களா!" பிணம்தான் முதலில் எழுந்து ஓட முயன்று, ரிப்பன் தடுக்கி விழுந்தது.

மகளைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டேன். "அம்மா எங்கம்மா?"

"செத்துப்போச்சே. நான் பின்வீட்டு மாடிலேர்ந்து பாத்தேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்றம் இன்னாத்துக்கு ஊருக்குப் போச்சுன்ன?"

இத்தனை நாள் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து அக்காவை நாலு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினேன். மகள் என் லுங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தைகிட்ட சொல்லாதப்பா. அன்னிக்கு அது கீழ தூங்கிக்கினு இருந்துச்சி, பாக்கவே இல்ல. ஊருக்குப் போச்சுன்னு நெனச்சிக்கினு கீது. பாவம், அழும்."

உள்ளே போனோம். "அடுத்த வாரம் அம்மா வந்துடும் கண்ணு" என்றாள் அக்கா, சோற்றைப் பிசைந்தபடி.

"சரி அத்தை" என்றாள் மகள். என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.