பாலிகஞ்ச் ஆட்டோ லைன்

பாலிகஞ்ச் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஆட்டோவில் ஏறி அலிப்பூர் போகச் சொல்கிறேன். அங்கே நண்பனுக்குப் பதிவுத் திருமணம். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், நேரமாகிவிட்டது.

"ஹோபே நா," என்கிறார் டிரைவர் வங்காள மொழியில். முடியாதாம். ஏன் முடியாது என்று கத்துகிறேன்.

உள்ளே மற்ற பயணிகளோடு உட்கார்ந்திருக்கும் பெண் தமிழில் சொல்கிறாள்: "அண்ணா, இது கரியாஹாட் லைன். அலிப்பூர் வேற லைன்."

இந்த ஊரில் எல்லாமே லைன்தான். நிற்கிற வரிசை லைன், ஆட்டோ ஓடும் பாதை லைன், கரண்ட் லைன். காலையில் டீக்கடைக்காரர்கூட, என் தொழில் என்னவென்று கேட்க, "எந்த லைன்?" என்றார்.

"லைனாவது மண்ணாவது! கூடக் காசு தரேன், போகச் சொல்லும்மா."

"லைன் மாறினா மத்த டிரைவருங்க இவரை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. டாக்ஸிக்கு லைன் கிடையாது, அதுல போங்க."

"கேட்டேன். நாலு டாக்ஸிக்காரனும் வர மாட்டேன்னுட்டானுங்க."

"கெஞ்சியிருப்பீங்க. எங்ககிட்ட கத்தின மாதிரி கத்துங்கண்ணா, நல்லா வருது உங்களுக்கு."

ஆட்டோவே சிரிக்கிறது. இறங்கி, வருகிற மஞ்சள் டாக்ஸியை மறித்துத் தமிழிலேயே கத்துகிறேன். அந்த டிரைவர் வங்காள மொழியில் திருப்பிக் கத்திக்கொண்டே பின்கதவைத் திறந்துவிடுகிறார்.