ரொட்டிக் கல்லு முன்னால் சிவசாமி

ஆண்களைப் புகழ்ந்து பேசும் பழக்கம் எனக்கில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அதற்கு அவ்வளவாக அவசியமும் வந்ததில்லை. ஆனாலும் பக்கத்துக் காம்பரா சிவசாமியைப் பற்றிச் சொல்லும்போது நான் கொஞ்சம் இறங்கித்தான் வரவேண்டியிருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்த வீட்டில் மிளகாய் கருகினால் இந்த வீட்டில் நான் தும்முவேன். அதனால் நான் சொல்லப்போவது யாரோ சொன்ன கதையில்லை, என் காதும் மூக்கும் சாட்சி.

சிவசாமி இதே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். வாலிபத்தில் கொஞ்ச காலம் கொழும்பில் துணிக்கடையில் நின்றார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்து அப்பாவைப் போலவே கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துக்கொண்டார். தேயிலைச் செடியை வெட்டி மட்டம் பண்ணுவதுதான் கவ்வாத்து. அவர் வெட்டினால் ஒரே வெட்டு, கிளை பிளக்காது.

அந்த வேலை கணக்கு வேலை. காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் இத்தனை செடி என்று சொல்லி அனுப்புவார்கள். அதை முடித்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழுந்துவிடும், வீட்டுக்குப் போகலாம். எங்கள் ஆண்கள் கணக்கைச் சீக்கிரம் முடிப்பதில் கெட்டிக்காரர்கள், அதிலும் சிவசாமி பெரிய ஆள். மத்தியானத்துக்கே குளித்து, தலை சீவி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வெற்றிலையோடு உட்கார்ந்திருப்பார். பெண்கள் கூடையோடு மலை இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். இறங்கி வந்து அடுப்பை மூட்டுவதும் அவர்கள்தான். இது அநியாயம் என்று என்னைத் தவிர யாரும் வாய் திறந்ததாக ஞாபகமில்லை.

போன வருஷம் அவர் மனைவி நாகலெட்சுமியைக் கொழுந்து பறிக்கும் மலைக்குக் கங்காணியாக்கினார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் கங்காணியானது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று மலை வேலைக்குப் பொறுப்பான கண்டாக்கையா சொல்லியிருந்தார். அவளுக்கு அந்த வேலை அப்படிப் பிடித்துப்போனது. யாரையும் ஏசாமல் வேலை வாங்கத் தெரிந்தவள். தொல்லை எதில் என்றால், கடைசி நிறுவை முடிந்து கொழுந்து லொறி கிளம்பின பிறகுதான் கங்காணி மலையை விட்டு இறங்கலாம். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து, மாப் பிசைந்து, ரொட்டி சுட்டு முடிப்பதற்குள் சின்னவன் திலக்ஷன் பசியோடு தூங்கிப்போவான்.

லயத்தில் எல்லாரும் ஒரே வழிதான் சொன்னார்கள். "பொம்பளப் புள்ள இருக்குதானே?" மகள் சுதர்ஷினி அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவ கையில அகப்பையக் குடுக்க மாட்டேன்" என்றாள் நாகலெட்சுமி. "முடியலன்னா கங்காணி வேலய விட்டுட்டு மறுபடி கூடைய மாட்டிக்கிறேன்."

சிவசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எதுக்கு விடணும்? ராச்சாப்பாடு இனி ஏம் பொறுப்பு. ரொட்டி சுடுறது என்னா பெரிய வித்தையா?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் சிரித்தேன். அவர் காதில் விழட்டும் என்றுதான் சிரித்தேன்.

முதல் நாள் பருப்பு வைத்தார். வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சியை நாங்கள் மிலாறு என்போம், பிடித்தால் மூர்க்கமாக எரியும். அதை அடுப்பு வாய் நிறைய அடைத்துவிட்டு வெற்றிலை போடப் போனார். பருப்பு சட்டியோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் இரண்டு குச்சியை மட்டும் வைத்து, பக்கத்திலேயே குந்தியிருந்தார். பருப்பு நன்றாக வெந்தது. மனுஷன் சொன்னால் கேட்க மாட்டார், பட்டால் கற்றுக்கொள்வார். வெட்டுகிற வேலை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். லீக்ஸை அவர் அரிந்து வைத்த அழகைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. கோதுமை மாவில் தேங்காய்ப் பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, தட்டி, கல்லில் போட்டு எடுக்கவும் இரண்டே நாளில் கை பழகிவிட்டது.

பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். குறை அந்தக் கணக்குப் புத்தியில் இருந்தது. மலையில் இருந்து வந்ததும் ஒரே மூச்சில் எல்லா ரொட்டியையும் சுடுவார். தேங்காய்ச் சம்பலை அரைப்பார். அடுப்பை அணைப்பார், சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பார். பிள்ளைகள் பாடசாலை விட்டு வருவதற்குள் ராத்திரிச் சாப்பாடு மூடி போட்டுத் தயார்.

"ஏங் கணக்கு முடிஞ்சிருச்சு, வேலாயிக்கா" என்று இஸ்தோப்பில் இருந்து என்னைச் சீண்டுவார். "ஒங்க வீட்டுல இன்னும் அடுப்பே பத்தல போலருக்கே?"

எங்கள் ஊர்க் குளிரில் மத்தியானம் சுட்ட ரொட்டி ராத்திரிக்கு என்னவாகும்? திலக்ஷன் அதை முழங்காலில் வைத்து உடைத்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி சூடு காட்டினால் இன்னும் விறைத்தது. பருப்பின் மேல் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. நாகலெட்சுமி ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுப்பாள். வெள்ளிக்கிழமை ராத்திரி அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"திங்கக்கெழம கண்டாக்கையாகிட்ட வேல வேணாண்டு சொல்லிறப் போறேன்."

"ஏன்? நாந்தான் தெனமும் சமைக்கிறேனே?"

"நீங்க எங்க சமைக்கிறீங்க? கணக்கு முடிக்கிறீங்க. கவ்வாத்துச் செடிய எப்ப வெட்டி முடிச்சாலும் ஒண்ணுதான். சோறு அப்புடியா? திங்கிற ஆளு எப்ப வரும், எப்புடி வரும்னு ஒரு நெனப்பு வேணாமா? ஒங்களுக்கு அரப்பேருதான் போடலாம்."

வேலை குறைந்தவர்களுக்குப் போடுவதுதான் அரைப்பேர். சிவசாமி தன் ஆயுளில் அதை வாங்கினதில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஆறிப்போன ரொட்டிக்காக ஒரு பெண் இறங்கிப்போவதா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை சிவசாமி மத்தியானம் வந்தார். அடுப்புப் பக்கமே போகவில்லை. சரி, ஆள் கைகழுவிவிட்டார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், மாவைப் பிசைந்து உருண்டை பிடித்து ஈரத்துணியால் மூடியிருந்தது. தேங்காய் உடைக்காமல் இருந்தது. வெங்காயமும் மிளகாயும் அம்மி மேல் தயாராக இருந்தன. அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரோடு கவ்வாத்து வெட்டுகிற அழகன் அந்த வழியாகப் போனார். "என்னா சிவசாமி, இன்னைக்கு அடுப்புக்கு லீவா?"

"லொறி வரட்டும்டா" என்றார் சிவசாமி.

எங்கள் லயத்தைத் தாண்டித்தான் கொழுந்து லொறி பெக்டரிக்குப் போகவேண்டும். அது போனால், பின்னாலேயே குறுக்குப் பாதையில் அவள் வருவாள். அதுதான் அவர் திட்டம். ஆனால் அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. இருட்டியும் லொறியைக் காணோம். பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கு ரெண்டு சுட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து நின்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எல்லாத்தையும் சுட்டு வச்சிருங்க தம்பி. அது களைச்சுப்போய் வரும்."

"ஆறுனத இந்த வாரம் பூராப் போட்டாச்சுக்கா" என்றார். "இன்னைக்கு அது வராம கல்லுல போட மாட்டேன்."

ஒருவழியாக வளைவில் லொறி முக்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. உள்ளே ஓடினார். மிலாறு படபடவென்று எரிந்தது, தேங்காய் உடைந்தது, அம்மி ஓடியது. நாகலெட்சுமி நனைந்து, நடுங்கிக்கொண்டு வாசலில் ஏறும்போது முதல் ரொட்டி கல்லில் வாசம் கிளப்பிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க, நா முடிவு பண்ணிட்டேன்" என்று தொடங்கினாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள் போல.

"மொதல்ல துணிய மாத்திட்டு ஒக்காரு."

தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு "ஸ்ஸ்" என்றாள், கை சுட்டிருக்க வேண்டும். நான் சுவரோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"ஒறப்பாயிருச்சா?" என்று பதறினார் சிவசாமி.

"அதெல்லாம் இல்ல" என்றாள். "கல்லு முன்னால நிக்கிறவளுக்கு எப்பவும் கடசியா ஆறுனதுதானே. கல்யாணங்கட்டி இந்த வீட்டுக்கு வந்து, கல்லுலருந்து எடுத்த ரொட்டிய ஒக்காந்து திங்கிறது இன்னைக்குத்தாங்க."

அடுத்த உருண்டையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார். "சரி, என்னமோ முடிவுன்னியே?"

"திங்கக்கெழம மேமலையில கொழுந்து. லொறி இன்னும் பிந்தித்தான் கெளம்பும், நா வரவும் நேரமாகும்" என்றாள் நாகலெட்சுமி. "இன்னொன்னு போடுங்க."