அழித்த படங்கள்

நான் வேலைக்கு ரயில் ஏறும் நிலையத்தில், சனிக்கிழமைகளில் வயதான வெள்ளைக்காரர்கள் சிலர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கழுத்தில் பெரிய கமரா. வருகிற ரயில், போகிற ரயில், சிக்னல் கம்பம், பாலம் என்று எல்லாவற்றையும் படம் எடுப்பார்கள். காவலாளி அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை காலமாகியும் அவர்களைக் கடக்கும்போது என் நடை வேகமாகிவிடுகிறது. யாரோ வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகப் போகிறார்கள், அந்த நேரம் நான் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று உடம்பு நினைக்கிறது.

போன சனிக்கிழமை மகள் ஷிபா பாடசாலை வேலைக்காக அதே நிலையத்தைப் படம் எடுத்தாள். துணைக்கு நான் போயிருந்தேன். காவலாளி எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் மகளின் கையிலிருந்து கமராவைப் பறித்து எல்லாப் படங்களையும் அழித்து, வெறும் கமராவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஃப்ளாஷ் வெளிச்சம் ரயில் ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யும், அதை மட்டும் நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லத்தான் வந்தாராம். நான் "சொரி, சொரி" என்றுகொண்டே இருந்தேன். தான் ஏதோ கடுமையாகப் பேசிவிட்டதாக நினைத்து அவரும் மன்னிப்புக் கேட்டார்.

"ஏன் வாப்பா அழிச்சீங்க? அவர் ஒண்டும் கேக்கல்லயே."

கமராவை மகளின் கையில் திருப்பிக் கொடுத்தேன். ஊரை விட்டு வரும்போது அவள் சின்னப் பிள்ளை. வாப்பா கொஞ்ச நாள் வீட்டில் இல்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மாத்தளை டவுனில் நான் கல்யாணப் படம் எடுத்தேன். எங்கள் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண்கள் போவதில்லை. அங்கே என் மனைவி ரிபாயா கமராவோடு போவாள். முக்காடு இல்லாமல், பூ வைத்து, சிரித்து விளையாடும் பெண்களை அவள் எடுப்பாள். அல்பம் கொடுக்கும் நாளில் மணப்பெண்ணின் உம்மா முன்னால் அந்தப் படங்களைக் கமராவிலிருந்து அழித்துக் காட்டுவோம். இதைக் கேட்டு யாரும் கையெழுத்து வாங்கியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

தேவாலயங்களில் குண்டு வெடித்து, முஸ்லிம்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்த வருடம் அது. ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை நாவுலப் பக்கம் உள்ள நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று படம் எடுக்க வேண்டும் என்றான். இந்த நேரத்தில் வேண்டாமே என்றேன். "ரெண்டே படம் நானா. எங்கட மூஞ்சிக்கு பின்னால தண்ணியாவது அழகா தெரியட்டும்" என்று அண்ணனிடம் கெஞ்சுவதுபோலச் சிரித்தான். அணைக்கட்டு தெரிகிற மேட்டில் அவனை நிறுத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். நான் பயந்தது அணைக்கட்டைப் படம் எடுத்ததை நினைத்து அல்ல. கமராவில் இருந்தது முந்தின நாள் மெமரி கார்ட். பெண்கள் பக்கத்துப் படங்கள் அதில் அப்படியே இருந்தன, பிரதி எடுக்க நேரம் கிடைத்திருக்கவில்லை. அந்நிய ஆண்கள் கைக்கு அவை போகக் கூடாது என்ற ஒரே நினைப்பில், அவர்கள் நெருங்குவதற்குள் கார்ட் முழுவதையும் அழித்தேன். நான் பட்டனை அமுக்கியதை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "கல்யாணப் படத்தை எவனாவது அழிப்பானா?" மாப்பிள்ளையை அன்றே விட்டார்கள். என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாதக்கணக்கில் கேட்கப்பட்டதும் இதே கேள்விதான், குரல்கள்தான் வேறு. கடைசியில் குற்றம் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கமராவைத் தந்தார்கள். கார்டைத் தரவில்லை.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அந்த நாட்களில் பள்ளிவாசல் வாசலில் பையைச் சோதித்தபோது நானும் நிம்மதியாகத் திறந்து காட்டினேன். அணைக்கட்டைக் காக்கத்தான் வேண்டும், அந்தச் சிப்பாய் என்னிடம் கேட்டதிலும் பிழை இல்லை. ஆனால் கேட்கிறவருக்குப் பதிலைக் கேட்கும் மனமும் இருக்க வேண்டும். என்னைப் பற்றி அவர்கள் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் கேள்வியே தொடங்கியது. இந்த நாட்டிலும் என்னைப் போன்ற முகம் உள்ளவர்கள் கமராவோடு நின்றால் கேள்வி வரத்தான் செய்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். நான் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

அடைபட்டிருந்த நாட்களில் எனக்கு ஒரேயொரு ஆறுதல் இருந்தது. பெண்களின் அந்தப் படங்கள் இனி எங்கேயும் இல்லை. மணப்பெண்ணின் உம்மா படங்கள் போனதற்கு அழுதாராம், ஆனாலும் ரிபாயாவின் கையைப் பிடித்து, "அல்லாஹ் காப்பாத்தினான் மகள். அது வெளிய போயிருந்தா நாங்க தல நிமிர ஏலாது" என்றாராம். அந்தச் சொல்லோடுதான் விமானம் ஏறினோம்.

நேற்றுப் பின்னேரம் ஷிபா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். நிலையத்துப் படங்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் நின்றன.

"ஒண்டும் அழியல்ல வாப்பா. கமரால காட்டாதே தவிர எல்லாம் கார்ட்லயே இருக்கும். எடுக்கத் தெரிஞ்சவங்க எடுக்கலாம். டீச்சர்தான் காட்டித் தந்தாங்க."

என் மேல் இருந்த கோபம் தீர்ந்து அவள் சிரித்தாள். நல்லது மகள் என்றேன். மாத்தளையிலோ கொழும்பிலோ ஏதோ ஒரு அலுமாரியில் அந்தக் கார்ட் கிடக்கும். அல்லது அன்றைக்கே யாரோ எடுத்துப் பார்த்திருப்பார்கள். அந்த மணப்பெண் இப்போது பிள்ளைகளோடு அதே டவுனில்தான் இருக்கிறாள்.

ரிபாயா கறிச்சட்டிக்கு முன்னால் அசையாமல் நின்றாள்.

"அவங்களுக்கு சொல்லணுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"யாருக்கு உம்மா?" என்றாள் ஷிபா.

அந்தக் கல்யாணப் படங்களில் ஒன்றில் ரிபாயாவும் முக்காடு இல்லாமல் இருந்தாள். மணப்பெண்ணின் தோழிகள் கமராவைப் பிடுங்கி அவளையும் நடுவில் இழுத்து எடுத்தார்களாம். வெளியே மழை, கதவு பூட்டியிருந்தது, வீட்டில் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை. ரிபாயா அடுப்பைக் குறைத்தாள். கதிரையில் கிடந்த சால்வையை எடுத்து, தலைமுடி ஒன்றும் வெளியே தெரியாமல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, திரும்பவும் கறியைக் கிளறத் தொடங்கினாள்.